கழற்ற முடியாத காலர்

செப்டம்பர் 14, ஞாயிறு

மிக்சர் இன்று மாலை புதுக் காலரோடு வந்து இறங்கினான். சிவப்புத் தோல், பளபளவென்று. அதில் ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டத் தகடு. தகட்டில் 'மிக்கி' என்று இங்கிலீஷில் பொறித்து, கீழே ஒரு போன் நம்பர்.

யார் இந்த மிக்கி? என் நாயின் பெயர் மிக்சர். அப்பன் லாப்ரடார், ஆத்தா தெருநாய். எங்கள் பழைய வடவள்ளி வீட்டுக்கு வந்த முதல் நாளே காராபூந்தித் தட்டில் வாயை வைத்தான். தாமோதரன் சிரித்துக்கொண்டே வைத்த பெயர் அது. மிக்சருக்கு ஒரு கதை இருக்கிறது. மிக்கிக்கு என்ன இருக்கிறது?

தகட்டில் இருக்கும் நம்பர் தாமோதரனுடையது இல்லை. அவர் நம்பர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்கு வரும்.

எனக்கும் தாமோதரனுக்கும் விவாகரத்தாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாவற்றையும் வக்கீல்கள் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார்கள். நாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நாங்களாகத்தான் பேசிக்கொண்டோம். அவன் என்னோடு இருப்பான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் காலையில் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுவார். அவர் கேட்டுக்கு உள்ளே வரமாட்டார், நான் வெளியே போகமாட்டேன். சங்கிலி மட்டும் கைமாறும்.

"காலர் யாரு வாங்குனது?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல ஒருத்தங்க. நாய்ன்னா அவங்களுக்கு உசுரு."

ஒருத்தங்களாம். வேப்பெண்ணெய் சோப்புப் போட்டு நான் குளிப்பாட்டுகிற நாய் மீது லாவண்டர் வாசனை அடிக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

லேபில் நல்ல கூட்டம். விடிகாலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்கள் யாருக்கும் பொறுமை இருக்காது. ஊசி குத்துகிற என்னைத்தான் முறைப்பார்கள்.

பத்து மணிக்குப் பெரியநாயகியம்மா சண்டைக்கு வந்துவிட்டார். போன வாரம் ரத்தம் கொடுத்தபோது அவர் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட் அந்த நம்பருக்குப் போய்விட்டது. சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்து மனுஷன் வீட்டில் ஜாங்கிரி டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாராம்.

"உங்க ரத்தம், உங்க சர்க்கரை. நம்பர் மட்டும் எதுக்குங்க அவுங்களது?" என்று கேட்டேன்.

"அதேனோ வாயில அதுதானுங்க வருது," என்றார்.

முன்னால் உட்கார்ந்து பதிவு செய்கிற ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான். இத்தனை படித்த ஊரில் இப்படியும் பொம்பளைகள்.

மதியம் லேப் போனிலிருந்து அந்தத் தகட்டு நம்பரைக் கூப்பிட்டேன். நாய் தொலைந்தால் அந்த நம்பர் வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டாமா? "ஹலோ, யமுனா பேசறனுங்க," என்றது ஒரு குரல். தேனில் ஊறப்போட்ட குரல். வைத்துவிட்டேன். சரியாகக் கேட்கவில்லை என்பதால் இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்போதும் யமுனாதான்.

செப்டம்பர் 17, புதன்

காலர் மிக்சரின் கழுத்தை உறுத்துகிறது. கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றும் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். பேசவில்லை. எடுக்கிறாளா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பார்த்துவிட்டேன். காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டைக் கழற்றி இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, நான் யமுனாங்க."

அக்காவாம். என்னைவிட மூன்று வயது குறைவாக இருந்தால் அதிகம். பூசினாற்போல உடம்பு. பல் ஒன்று கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது. அது அவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது, அதை நான் என்ன செய்ய?

"காலர் எங்கீங்க்கா?"

"அவனுக்குச் சேரலீங்க. அரிக்குது."

உடனே கீழே உட்கார்ந்துவிட்டாள். நல்ல சுடிதார், மண்ணில் படுகிறதே என்ற எண்ணமே இல்லை. மிக்சரின் கழுத்து மயிரை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். "சிவக்கலியேங்க. தோலு அலர்ஜியா இருக்குமோ? மிக்கி, இங்க பாரு சாமி." அந்தத் தடியன் அவள் மூஞ்சியை நக்கினான்.

தாமோதரன் கார் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை. என்னோடு இருந்தபோது அந்த மனுஷனைச் சட்டையை மடித்துவைக்கச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது.

மாலையில் வந்தவனுக்குத் தயிர்சாதம் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். கோழி ஈரல் தின்ற வாய். ஒரு வாரம் நான் வடித்துப் போடுகிறேன், பீ அள்ளுகிறேன், காதுக்கு மருந்து விடுகிறேன். ஒரே ஒரு நாள் ஈரல் போடுகிறவள் மகராசி.

எனக்கு எரிகிறது. எழுதிவைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல?

செப்டம்பர் 24, புதன்

ஜெசிந்தா ஒரு நல்ல சேதி கொண்டுவந்தாள். இனி வீட்டு நாய்களுக்கெல்லாம் சிப் போடச் சொல்லப்போகிறார்களாம். அவள் தெருப்பக்கம் இருக்கும் நாய் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை அதற்கு ஒரு முகாம்.

"அரிசி மணியாட்ட இருக்குமுங்க்கா. ஊசியில வெச்சுத் தோலுக்கு அடியில விட்டுருவாங்க. சாகற வரைக்கும் உள்ளயே கெடக்கும். கழட்ட முடியாது."

"கழட்டவே முடியாதா?"

"முடியாதுங்க. ஓனர் பேரு ஒண்ணே ஒண்ணுதான் பதிவாங்களாம்."

ஒன்றே ஒன்று. இதைக் கேட்டதும் எனக்கு அன்றைக்கு முழுவதும் கை லேசாக இருந்தது. நரம்பு கிடைக்காத தாத்தாக்களுக்குக்கூட ஒரே குத்தில் ரத்தம் வந்தது.

செப்டம்பர் 27, சனி

முடிந்தது. மிக்சர் என் நாய். இனி எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாது.

லேபுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரே அமளி. ஒரு குட்டைக்கால் நாய் ஒரு பெரிய நாயின் காதைக் கடித்துவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்களும் நாய்களை விட்டுவிட்டுத் தங்களுக்குள் குரைத்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் மிக்சர் என் காலுக்கு இடையில் புகுந்து நடுங்கினான். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் பெண்ணுக்குப் பதில் சொன்னேன்.

நாய் பேர்? மிக்சர். அவள் சிரித்தாள். வயசு? அஞ்சு. ஓனர் பேர்? சுகுணா. இதை மட்டும் அழுத்தமாக, எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் மடமடவென்று சொன்னேன். அவள் தட்டிக்கொண்டே போனாள்.

டாக்டர் ஊசியை எடுத்ததும் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தினமும் நூறு பேரைக் குத்துகிறவள் நான். என் நாயைக் குத்துவதைப் பார்க்க முடியவில்லை. மிக்சர் ஒரு 'க்கீ' போட்டான், அவ்வளவுதான். பிறகு டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை அவன் முதுகில் காட்டினார்கள். டிட் என்று சத்தம் வந்து, நீளமாக ஒரு எண் தெரிந்தது.

"இவன் எங்க போனாலும் இதுல தெரியுமுங்களா?"

"இல்லீங்க, எங்க இருக்கான்னெல்லாம் காட்டாது," என்றார் டாக்டர். "தொலைஞ்சு போய் யாராவது எங்கள மாதிரி இடத்துக்குக் கொண்டாந்தா, இந்த எண்ணைப் போட்டுப் பாப்போம். நீங்க குடுத்த நம்பர் வரும், கூப்புடுவோம். நம்பரை மட்டும் மாத்தீட்டுச் சொல்லாம இருந்தறாதீங்க. சிப்பு நாய்க்குள்ள இருக்கும், ஓனரைக் கண்டுபுடிக்க முடியாது."

"நான் எதையும் மாத்தமாட்டனுங்க," என்றேன்.

பதிவான விவரம் சாயங்காலத்துக்குள் போனுக்கு மெசேஜாக வரும் என்றார்கள். முதுகில் மஞ்சள் மருந்துக் கறையோடு ஆட்டோவில் என் மடியில் தலைவைத்துப் படுத்துவந்தான். அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் உள்ளே நான் இருக்கிறேன்.

மெசேஜ் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

சங்கிலியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். "சிப்பு போட்டாச்சு. என் பேருல."

"ம்," என்றார் தாமோதரன். "தெரியும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மஞ்சள் கறையைப் பார்த்திருப்பார். ஒரு மாதிரி சிரித்தார், வயிற்றெரிச்சலை மறைக்கிற சிரிப்பு. காரிலிருந்த யமுனா இன்றைக்கு இறங்கவே இல்லை. அக்காவும் இல்லை, சாமியும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத மாதிரிகூட இருந்தது.

அழட்டும். இன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

அக்டோபர் 1, புதன்

லேபில் ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்கும் ரத்தம் சுற்றுகிற மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரி, கடலை, வாழைப்பழம். ஜெசிந்தா ஜெபக்காரி, ஆனால் பொரியில் பாதி அவள்தான் தின்றாள்.

"சிப்பு மெசேஜ் வந்துச்சாக்கா?"

"வரல. கூட்டத்துல மறந்திருப்பாங்க."

"போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தறலாமில்ல?"

கேட்கலாம். ஆனால் பேர் பதிந்ததை என் கண்ணால் பார்த்தேன். கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் சுகுணா என்று இருந்தது. அதற்குமேல் என்ன? வீட்டுக்கு வந்து மிக்சருக்கும் நெற்றியில் பொட்டு வைத்தேன். நாக்கை நீட்டி நீட்டி எட்டாமல் தவித்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாலையில் மிக்சரைக் கொண்டுவந்து விட்டபோது அவர் கிளம்பாமல் நின்றார். யமுனா வரவில்லை.

"சுகு, ஒண்ணு சொல்லணும். தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கோம். மருதமலையில, சும்மா சிம்பிளா."

"நல்லது," என்றேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது.

"தொண்டாமுத்தூர்ப் பக்கம் வீடு பாத்திருக்கோம். சுத்தி எடம் இருக்குது. யமுனாவுக்கு வீட்ல இருந்தே வேலை. நீ காலையில ஆறரைக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் வர்றே. அதுவரைக்கும் அவன் தனியாப் பூட்டிக் கெடக்கறான். அவனை எங்ககிட்ட விட்டுட்டு, ஞாயித்துக்கெழம நீ கூட்டிக்கிட்டா என்ன? யோசிச்சுச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமைக்கு நானாம். திங்கள் முதல் சனி வரை அவளாம். புருஷன் போய்விட்டான், சரி, அது நடந்து முடிந்த கதை. இப்போது நாயுமா? இதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவாரிப் புதுப்புடவை கட்டிக்கொண்டு கேட்டுக்கு வர எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

புடவை என்று ஏன் எழுதினேன் தெரியவில்லை. நான் என்றைக்கும் போலத்தான் கட்டிக்கொண்டு போகிறேன்.

"சிப்புல என் பேரு இருக்குது. அவன் என் நாயி," என்றேன்.

"அதுல..." என்று ஏதோ ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். "சரி விடு," என்று காரில் ஏறிவிட்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. மிக்சரை இந்த ஞாயிறு அனுப்பவில்லை. காலையிலேயே "வயிறு சரியில்லை, பேதி" என்று மெசேஜ் போட்டேன். பேதியெல்லாம் இல்லை. இரண்டு இட்லி தின்றுவிட்டு மூன்றாவதுக்கு வாலாட்டினான்.

பண்டிகை நேரத்தில் அவள் மடியில் என் நாய் உட்கார்ந்திருக்கிற போட்டோ எதையும் யாருடைய ஸ்டேட்டஸிலும் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

அக்டோபர் 20, தீபாவளி

மிக்சரைக் காணோம்.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, எதிர்வீட்டுக்கு அதிரசம் கொடுக்கத் தட்டோடு போனேன். கேட்டைச் சாத்தினேன், தாழ் போடவில்லை. தெருமுனையில் ஆயிரம் வாலா வெடித்தது. திரும்பிப் பார்த்தபோது கேட் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. பழுப்பாக ஏதோ ஒன்று தெருக்கோடியில் திரும்புவதைப் பார்த்தேன். தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒவ்வொரு தெருவிலும் வெடி, புகை. மிக்சர், மிக்சர் என்று கத்திக்கொண்டு போன என்னைப் பலகாரம் விற்கிறவள் என்று நினைத்து ஒரு அம்மா காம்பவுண்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கழுத்தில் காலர் இல்லை. தகடு இல்லை. டிராயரில் இருக்கிறது.

நான்தான் கழற்றினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

லேபுக்குப் போகவில்லை. வடகோவை வரை தேடிவிட்டேன். ரோட்டோரம் பழுப்பு நிறத்தில் எது கிடந்தாலும் நெஞ்சு நின்று போகிறது. ஒரு இடத்தில் கோணிச்சாக்கு, இன்னொரு இடத்தில் காய்ந்த தென்னை மட்டை.

தாமோதரனிடம் சொல்லவில்லை. பேதி என்று பொய் சொல்லி வைத்துக்கொண்டு தொலைத்தேன் என்று எந்த வாயால் சொல்ல? அவள் கேட்பாள். 'எங்ககிட்ட இருந்திருந்தா' என்று வாயால் சொல்லமாட்டாள். அந்தத் தூக்குப்பல் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் சொல்வாள்.

சிப் இருக்கிறது. அதுதான் இப்போது என் தைரியம். யாராவது ஒரு புண்ணியவான் அவனைக் கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் காட்டினால் போதும், எனக்குப் போன் வரும். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். சார்ஜ் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். குளிக்கப் போனாலும் ஜன்னலில் வைத்துக்கொண்டு குளித்தேன். இரண்டு தடவை அடித்தது. ஒன்று ஜெசிந்தா, ஒன்று லோன் வேண்டுமா என்று ஒரு பெண். அந்த லோன் பெண்ணிடம் அழுதுவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

வந்துவிட்டான். முதலில் அதை எழுதிவிடுகிறேன். அலமாரிக்குக் கீழே படுத்துக் குறட்டை விடுகிறான்.

பதினொரு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் யமுனா. தனியாக, தலையெல்லாம் கலைந்து. கையில் துப்பட்டாவை முறுக்கிச் சங்கிலியாகப் பிடித்திருந்தாள். அதன் மறுமுனையில் மிக்சர், முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் ஊளையிட்டான். நான் கேட்டுக்கு வெளியே போய் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டேன். "உங்களுக்கு எப்படிக் கெடச்சான்?"

"துடியலூர்ப் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்துல இருந்து போன் வந்துச்சுங்க்கா. அவரு குளிச்சிட்டு இருந்தாரு, நான்தான் எடுத்தேன். சிப்பு பாத்தாங்களாமா."

"சிப்புல என் நம்பர்தான இருக்குது?"

அவள் குனிந்தாள். மிக்சரின் காதைத் தடவினாள்.

"பேரு உங்களதுங்க்கா. நம்பர் அவரோடது."

இல்லை என்றேன். நான் சொன்னேன், என் வாயால் சொன்னேன், அந்தப் பெண் தட்டியதைப் பார்த்தேன் என்றேன். சொல்லும்போதே அந்த நாய்ச் சண்டையும் என் காலுக்கிடையில் மிக்சர் நடுங்கியதும் ஞாபகத்துக்கு வந்தன. மடமடவென்று சொன்னேனே, அந்த மடமடவும் ஞாபகத்துக்கு வந்தது. புது சிம் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த நம்பரை நான் ஒருநாளும் மடமடவென்று சொன்னதில்லை.

"அன்னிக்கு சாயங்காலமே அவரு போனுக்கு மெசேஜ் வந்திருச்சுங்க," என்றாள். "ஓனர் சுகுணான்னு போட்டு. நான் அவரோட ஒரே சண்டை. இன்னும் எதுக்கு அவங்க உங்க நம்பரைக் குடுக்கறாங்கன்னு. ரெண்டு நாள் நான் சோறே திங்கல. யாரோ வேற ஒரு லேண்ட்லைன்ல இருந்து எனக்குப் போன் பண்ணிப் பண்ணி வெக்கறாங்க, அந்தக் கடுப்பு வேற."

நான் மிக்சரின் காலில் இருந்த சேற்றைப் பார்த்தேன்.

"அவரு என்னங்க சொன்னாரு?"

"'அவ வேணும்னு பண்ணியிருக்க மாட்டா, வாயில பழகிப் போச்சு, பாவம். சொன்னாக் கூசிப் போயிருவா, விட்று'ன்னாருங்க."

பாவம். கேட்டீர்களா? அவர் என்னைத் திட்டியிருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். அன்றைக்கு டயரைப் பார்த்த மாதிரி என்னையும் பார்த்திருக்கலாம். ஒரு மாதமாக அந்த மனுஷன் என் மேல் பரிதாபப்பட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சங்கிலியைக் கொடுத்திருக்கிறேன்.

யமுனா கிளம்பும்போது திரும்பினாள். "இன்னொண்ணுங்க்கா. அங்க சுகுணாங்கறது நீங்கதானான்னு கேட்டாங்க. இல்லீன்னா நாயக் குடுக்கமாட்டாங்களோன்னு ஆமான்னுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

புருஷனை எடுத்தாள், நாயைப் பாதி எடுத்தாள், இன்று காலை பத்து நிமிஷத்துக்கு என் பெயரையும் எடுத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கசந்திருக்கும்! அதை நினைத்தால் எனக்கு இந்த வேதனையிலும் கொஞ்சம் இனிக்கிறது. ரெண்டு நாள் சோறு தின்னவில்லையாமே. அதுவும் இனிக்கிறது. நான் இப்படித்தான் இருக்கிறேன்.

நன்றி சொல்ல மறந்துவிட்டேன். கழுத்தில் காலர் ஏன் இல்லை என்று அவளும் கேட்கவில்லை.

மிக்சர் எங்கே போனானாம் தெரியுமா? வடவள்ளிக்கு. எங்கள் பழைய வீட்டு வாசல்படியில் போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றிருக்கிறான். புதிதாகக் குடியிருப்பவர்கள்தான் காப்பகத்துக்குச் சொன்னது. முட்டாள் நாய். அந்த வீட்டைக் காலிசெய்து எவ்வளவு நாளாகிறது! இன்னமும் அங்கே யார் இருக்கிறார்கள் என்று போனான்?

அக்டோபர் 23, வியாழன்

தாமோதரன் போன் செய்தார். "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் சுகு."

"பாவம் பாத்தீங்களாக்கும்."

நானே பேசினேன். "பேதின்னு சொன்னது பொய். காலரைக் கழட்டுனது அரிப்புக்கில்ல. மிக்சர் எங்கிட்டதான் இருப்பான். ஞாயித்துக்கெழம உங்களுக்கு. இதுல மாத்தமில்ல."

"சரி," என்றார்.

"இனி எம்மேல யாரும் பாவம் பாக்க வேண்டாம்."

அதற்கும் சரி என்றார். வைத்துவிட்டேன். வைத்த பிறகு மூக்கைச் சிந்தினேன். பட்டாசுப் புகை இன்னும் ஊரில் அடங்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

காலரைப் போட்டு அனுப்பினேன். தகட்டின் பின்பக்கத்தில் 'மிக்சர்' என்று தமிழில் பொறித்து வாங்கியிருக்கிறேன். யமுனா தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிக்சர்," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். வாலாட்டினான். "மிக்கி," என்றாள். அதற்கும் அதே வால், அதே ஆட்டு. வெட்கம் கெட்டவன்.

பழைய நைலக்ஸ் புடவையில்தான் இன்று கேட்டுக்குப் போனேன்.

நவம்பர் 1, சனி

நம்பரை மாற்ற மிக்சரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகாம் இல்லாத நாள், கூட்டமே இல்லை. அதே பெண். கருவியைக் காட்டினாள், டிட் என்றது, என் பெயர் வந்தது.

"புது நம்பர் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். முதல் நான்கு எண்கள் வெளியே வந்துவிட்டன. அவருடையது. நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் காத்திருந்தாள். கைப்பையிலிருந்து போனைத் தேடி எடுத்து, என் நம்பரை நானே எழுத்துக் கூட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தேன். பதிவு ஆனது. அரை நிமிஷத்தில் என் போனுக்கு மெசேஜ் வந்தது. உரிமையாளர் சுகுணா. ஒரு மாதம் காத்திருந்த மெசேஜ்.

எழுந்தேன். "இருங்க்கா," என்றாள். "இன்னொரு நம்பர் வேணும். நீங்க எடுக்கலீன்னாக் கூப்புட."

ஜெசிந்தா நம்பரைச் சொல்லலாம் என்று நினைத்தேன். எதிர்வீட்டு நம்பரைச் சொல்லலாம். போன் கையில்தான் இருந்தது, மிக்சரின் கழுத்தில் தகடும் இருந்தது. நான் போனையும் பார்க்கவில்லை, குனிந்து தகட்டையும் பார்க்கவில்லை. மடமடவென்று சொன்னேன். பத்து எண்ணும் ஒன்று பிசகாமல் வந்தது.

எப்போது மனப்பாடம் ஆனது? எத்தனை தடவை அந்தத் தகட்டை டிராயரிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்திருப்பேன்! சொந்த நம்பர் தெரியாதவளுக்கு அவள் நம்பர் தெரிந்திருக்கிறது.

"பேருங்க?"

"யமுனா."

"உங்களுக்கு என்னாகோணும்? தங்கச்சிங்களா?"

"எனக்கு ஒண்ணும் ஆகோணும்னு இல்ல," என்றேன். "நாய்க்குத் தெரிஞ்சவங்க. அப்படியே போட்டுக்கங்க."